நிலத்தடியில் வரவு, நிலத்தின் மேல் செலவு

நீடாமங்கலத்தைப் பேருந்தில் கடந்து போகிறவர்களுக்கு அந்த ஊர் என்றால் ரயில்வே கேட். தஞ்சாவூரிலிருந்து திருவாரூர், நாகப்பட்டினம் போகும் சாலையில் கேட் விழுந்துவிட்டால் இரு பக்கமும் வண்டிகள் வரிசை கட்டிவிடும். இறங்கி டீ குடித்துவிட்டு வந்து ஏறினாலும் பஸ் நின்ற இடத்திலேயே நிற்கும். பயணிகள் அலுத்துக்கொள்ளும் அந்தத் தாமதத்தில் நெல்லுக்கும் பங்கு உண்டு. சுற்றுவட்டாரக் கொள்முதல் நிலையங்களில் பிடித்த நெல், லாரி லாரியாக நீடாமங்கலம் ஸ்டேஷனுக்கு வந்து, சரக்கு ரயிலில் ஏறி, அரவைக்காக வெளிமாவட்டங்களுக்குப் போகிறது. ஒரு ரயிலுக்கு ஏறக்குறைய 2,000 டன். 40 கிலோ சிப்பமாகக் கணக்குப் போட்டால் 50,000 மூட்டை. அத்தனையும் ஆள் தோளில் ஏறித்தான் வேகனுக்குள் போகிறது.

அந்த நெல்லுக்கான தண்ணீர் பிரிகிற இடமும் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மூணாறு தலைப்பு. கல்லணையில் பிரிந்து வரும் வெண்ணாறு இங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகிறது. ரெகுலேட்டரில் எந்த ஷட்டரை எவ்வளவு தூக்குகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் மன்னார்குடிப் பக்கமும், முத்துப்பேட்டைப் பக்கத்துக் கடைமடையும் நாற்றங்கால் விடலாமா என்று முடிவு செய்கின்றன. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் குறுவை உண்டு. தள்ளிப்போனால் சம்பாவோடு சரி.

இந்த வயல்களுக்குக் கீழே பழுப்பு நிலக்கரி இருக்கிறது. அந்த நிலக்கரியில் மீத்தேன் இருக்கிறது. காவிரிப் படுகையின் இன்னும் ஆழமான பாறைகளில் எண்ணெயும் எரிவாயுவும் இருக்கின்றன. 2010-க்குப் பிறகு மீத்தேன், ஹைட்ரோகார்பன், நிலக்கரி என்று ஒவ்வொரு பெயராக டெல்டாவுக்குள் வந்தன. வந்த ஒவ்வொன்றும் எத்தனை கோடி முதலீடு, நாட்டுக்கு எவ்வளவு எரிபொருள் என்ற வரவுக் கணக்கைக் கையோடு கொண்டுவந்தது. செலவுக் கணக்கை உட்கார்ந்து எழுதியவர்கள் மிகச் சிலர்தான். அப்படி அரசே எழுதச் சொல்லி வாங்கிய ஓர் அறிக்கை கோட்டையில் கிடப்பதுதான் இந்தக் கதையின் விசித்திரம்.

667 சதுர கிலோமீட்டர்

2010 ஜூலையில் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி கார்ப்பரேஷன் நிறுவனத்துக்கு மன்னார்குடி நிலக்கரிப் படுகை மீத்தேன் திட்டத்தை மத்திய அரசு கொடுத்தது. 2011 ஜனவரி 4-ல் தமிழக அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தமும் கையெழுத்தானது. பரப்பு 667 சதுர கிலோமீட்டர். நீடாமங்கலம், மன்னார்குடி, வலங்கைமான், குடவாசல் என்று திருவாரூர் மாவட்ட வட்டங்களும், கும்பகோணம், திருவிடைமருதூர், ஒரத்தநாடு, பாபநாசம் என்று தஞ்சாவூர் மாவட்ட வட்டங்களும் அதற்குள் வந்தன. தங்கள் ஊர் ஒரு நிறுவனத்தின் வரைபடத்துக்குள் போய்விட்டது என்று பெரும்பாலான கிராமங்களுக்குத் தெரிய ஒன்றிரண்டு ஆண்டுகள் ஆயின.

மீத்தேன் எடுக்கிற முறையைத் தெரிந்துகொண்டால் விவசாயிகள் ஏன் அவ்வளவு கொதித்தார்கள் என்பது விளங்கும். நிலக்கரி அடுக்கின் நுண்துளைகளில் மீத்தேன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே இருக்கும் தண்ணீரின் அழுத்தம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. எனவே முதல் வேலை தண்ணீரை இறைப்பது. மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் வாயு மேலே வரும். டெல்டாவில் பம்புசெட் வைத்திருக்கிற எவருக்கும் அடுத்த கேள்வி தானாக வந்துவிடும்: அந்தத் தண்ணீர் எங்கே போகும்? ஆழத்து நீரில் உப்பு அதிகம். வடிய விட வேண்டுமென்றால் இருக்கிற வழி கோரையாறும் பாமணியாறும்தான். அவற்றின் கரையில்தான் நாற்றங்கால்கள். கீழே காலியாகும் இடத்தைக் கடல்நீர் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது, மண் உள்வாங்கி ஓர் அடி இறங்கினாலும் வாட்டம் மாறி வாய்க்காலில் தண்ணீர் எதிர்ப்பக்கம் ஓடுமே என்றெல்லாம் கூட்டங்களில் பேசினார்கள். ஓரடி வாட்டத்தை வைத்துப் பாசனம் நடக்கிற சமவெளியில் இது வீண் பயமில்லை.

இயற்கை வேளாண் விஞ்ஞானி கோ. நம்மாழ்வார் இதை ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் அவர் இறந்தபோதும் மீத்தேன் எதிர்ப்புப் பயணத்தில்தான் இருந்தார். அதற்கு முன்பே, 2013 ஜூலையில், முதல்வர் ஜெயலலிதா திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழு ஒன்றை அமைத்திருந்தார். குழுவின் பரிந்துரையை ஏற்று 2015 அக்டோபரில் மாநில அரசு திட்டத்துக்குத் தடை விதித்தது. மத்திய அரசும் பிறகு கைவிட்டது. முறையாக ஓர் ஆய்வு நடந்து, அதன்மீது ஒரு முடிவும் எடுக்கப்பட்டது அந்த ஒரு முறைதான்.

ஓர் ஏக்கரில் எத்தனை பேர்?

சுரங்கம் பாதிக்கும் தொலைதூரக் கிராமம் என்றால் ஜார்க்கண்ட், ஒடிசா மலைப்பகுதிகள்தான் நினைவுக்கு வரும். நீடாமங்கலத்துக்குச் சாலை இருக்கிறது, ரயில் சந்திப்பு இருக்கிறது, வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஆனாலும் முடிவெடுக்கிற மேசையிலிருந்து அது எவ்வளவு தூரம் என்பதை 2023 காட்டியது. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் மத்திய நிலக்கரி அமைச்சகம் வெளியிட்ட ஏல அறிவிப்பில் ஒரத்தநாட்டுக்கும் மன்னார்குடிக்கும் இடைப்பட்ட வடசேரி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கு, அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டி ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரித் தொகுதிகள் இருந்தன. மாநில அரசைக் கலந்து பேசவே இல்லை என்று முதல்வர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்கு எழுதினார். ‘நானும் டெல்டாகாரன்தான்’ என்று சட்டமன்றத்தில் பேசினார். சில நாட்களில் மூன்றும் ஏலத்திலிருந்து நீக்கப்பட்டன. முதல்வருக்கே தெரியாமல் வந்த அறிவிப்பு, வடசேரியில் குத்தகைக்கு உழுகிறவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

அந்தக் குத்தகைக்காரரிடமிருந்துதான் செலவுக் கணக்கைத் தொடங்க வேண்டும். டெல்டாவில் ஓர் ஏக்கர் நஞ்சை என்பது பட்டாவில் இருக்கும் ஒரு பெயரோடு முடிவதில்லை. நிலம் கோயிலுடையதாகவோ மடத்துடையதாகவோ இருக்கலாம். சாகுபடி செய்வது குத்தகைதாரர். அவர் பெயர் குத்தகைப் பதிவேட்டில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நடவுக்கும் களைக்கும் வரும் பெண்கள் பக்கத்துத் தெருவிலிருந்து வருகிறார்கள். உழவுக்கு டிராக்டர்காரர். அறுவடைக்குச் சேலம், ஆத்தூர் பக்கத்திலிருந்து மெஷினோடு வந்து பள்ளிக்கூட மைதானத்தில் தங்கும் டிரைவர்கள். கொள்முதல் நிலையத்தில் தூற்றி, எடை போட்டு, அட்டி அடுக்கும் சுமைதூக்கும் தொழிலாளர்கள். சம்பா அறுப்புக்கு முன்பே ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும் தையில் தலை தூக்கும். வைக்கோலைக் கட்டு கட்டாக உருட்டி ஏற்றிக்கொண்டு போக வெளியூர் லாரி வரும். கோடையில் ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டுக்கிடை போட வருவார்கள், அறுத்த தாளில் வாத்து மேய்க்க ஒரு கூட்டம் வரும். இவர்கள் அனைவருடைய சாப்பாட்டிலும் அந்த ஓர் ஏக்கருக்குப் பங்கு உண்டு.

கிணறு தோண்டும் நிறுவனம் வந்தால் நிலத்துக்காரருக்கு வாடகை வரும் அல்லது விலை வரும். நிலத்துக்காரர் சென்னையில் இருந்தாலும் வரும். மற்றவர்களுக்கு வருவது பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஒரே தெருவில் ஒருவர் வாடகை வாங்குகிறார், அடுத்த வயல்காரர் வாய்க்கால் அடைபட்டுப் போனதற்கு மனு எழுதுகிறார் என்றால், ஊர் இரண்டாவதற்கு வேறு காரணம் வேண்டாம்.

நிலமில்லாதவர்கள் யார் என்ற கேள்விக்கு இந்தப் பகுதியில் சாதியைத் தவிர்த்துப் பதில் சொல்ல முடியாது. 1937-ல் நீடாமங்கலத்தில் காங்கிரஸ் மாநாட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதற்காகத் தலித் தொழிலாளர்கள் அடித்து அவமானப்படுத்தப்பட்டார்கள். அவர்கள் பண்ணையில் வேலை செய்தவர்கள். இன்றும் வயலில் இறங்கிக் கூலி வேலை செய்கிறவர்களில் பெரும்பகுதி தலித் தெருக்களிலிருந்துதான் வருகிறது. பட்டாவை மட்டும் பார்த்து இழப்பீடு போடும் எந்தக் கணக்கும் முதல் வரியிலேயே அவர்களை விட்டுவிடுகிறது.

சட்டம் சொல்வதும் செய்வதும்

சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலம் கையகப்படுத்தல் சட்டம், சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. பாதிக்கப்பட்ட குடும்பம் என்பதில் மூன்றாண்டுகளாக அங்கே வேலை செய்து பிழைக்கும் விவசாயக் கூலிகளையும், எந்த வகைக் குத்தகையாக இருந்தாலும் குத்தகைதாரரையும் சேர்த்தது. படிக்க அருமையான சட்டம்.

ஆனால் எங்கே அது மிகவும் தேவையோ அங்கே வாசலை மூடிவிட்டார்கள். எண்ணெய், எரிவாயுக் குழாய் பதிக்கும் 1962-ம் ஆண்டுச் சட்டமும், நிலக்கரி நிலங்களுக்கான 1957-ம் ஆண்டுச் சட்டமும் அந்த மதிப்பீட்டுக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன. தமிழக அரசு தன் பங்குக்கு, தொழிற்சாலைகளுக்கு நிலம் எடுக்கும் 1997-ம் ஆண்டுச் சட்டம் உள்ளிட்ட மூன்று மாநிலச் சட்டங்களுக்கு விலக்கு கொடுத்தது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே ஆண்டில் அரசு இன்னொரு சட்டம் போட்டு அவற்றுக்கு உயிர் கொடுத்தது, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. கட்சி எதுவாக இருந்தாலும் இந்த விஷயத்தில் கோட்டைக்கு ஒரே மனசுதான். சுற்றுச்சூழல் பக்கமும் அப்படியே. 2020 ஜனவரி 16 அன்று மத்திய அரசு எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளை வேறு பட்டியலுக்கு மாற்றி, மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று ஆக்கியது.

பணம் எங்கே போகிறது என்று பார்த்தாலும் இதே ஓட்டைதான். நிலக்கரி, இரும்பு போன்ற கனிமங்களை எடுத்தால் ராயல்டிக்கு மேல் அதில் ஒரு பங்குக்கு ஈடான தொகையை மாவட்டக் கனிம அறக்கட்டளையில் போட்டு, பாதிக்கப்பட்ட கிராமங்களுக்கே செலவிட வேண்டும் என்று 2015-ல் விதி வந்தது. எண்ணெயும் எரிவாயுவும் 1948-ம் ஆண்டின் தனிச் சட்டத்தின் கீழ் வருவதால் அந்த விதி அவற்றுக்குப் பொருந்தாது. 1980-களிலிருந்து எண்ணெய் எடுக்கப்படும் நரிமணத்துக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. ராயல்டி மாநிலக் கருவூலத்துக்குப் போகிறது. ஊருக்கு மிஞ்சுவது சமூகப் பொறுப்பு நிதியில் கட்டிய ஒரு வகுப்பறை, ஒரு குடிநீர்த் தொட்டி.

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. மன்னார்குடி வட்டம் திருமாக்கோட்டையில் 107.88 மெகாவாட் மின்நிலையம் ஓடுவது இங்கே கிடைக்கும் எரிவாயுவில்தான். நரிமணம், பனங்குடிப் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையில் உள்ளூர்க்காரர்களுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட அந்த ஆலை விரிவாக்கத்துக்கு நிலம் எடுத்தபோது, மறுவாழ்வுத் தொகை கேட்டுப் பனங்குடி வட்டாரத்தில் போராடியவர்களில் சாகுபடிதாரர்களும் கூலித் தொழிலாளர்களும் முன்னால் நின்றார்கள். சட்டப் புத்தகத்தில் இருக்கும் குடும்பங்களைக் களத்தில் தேடிக் கண்டுபிடிக்கவே போராட்டம் வேண்டியிருந்தது.

நெய்வேலி என்கிற முன்னோட்டம்

மேலே பேசுவது எல்லாம் அனுமானம் என்பவர்கள் வடக்கே நெய்வேலியைப் பார்க்கலாம். 1956 நவம்பரில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது, 1957 மே 20-ல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார், 1961 ஆகஸ்டில் நிலக்கரி வெளியே தெரிந்தது. தமிழ்நாட்டின் மின் விளக்குகளுக்கு நெய்வேலி கொடுத்தது கொஞ்சமில்லை. நேர்க்கோட்டுச் சாலைகளும் பள்ளியும் மருத்துவமனையும் கொண்ட நகரியம் ஒன்று அங்கே எழுந்தது. நிலத்தடி நீரின் மேலழுத்தத்தைக் குறைக்க இரவு பகலாக இறைக்கும் தண்ணீரில் வாலாஜா ஏரி நிரம்பி, அதைக் கொண்டு சாகுபடி செய்பவர்களும் இருக்கிறார்கள்.

நிலம் கொடுத்த கிராமங்களின் கதை வேறு. நிரந்தர வேலை கேட்டு முதல் தலைமுறை மனு கொடுத்தது, அடுத்த தலைமுறை ஒப்பந்தத் தொழிலாளியாக உள்ளே போனது. 2022-ல் 299 பட்டதாரிப் பொறியாளர்களைத் தேர்வு செய்த பட்டியலில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இடமில்லை என்று எழுந்த சர்ச்சை அந்த ஊர்களில் ஏன் அவ்வளவு எரிந்தது என்று புரிந்துகொள்ள இது போதும். 2023 ஜூலை 26 அன்று, பரவனாற்றை மாற்றிவிடும் வாய்க்காலுக்காக, வளையமாதேவியில் பச்சையாக நின்ற நெற்பயிரில் மண் வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. நிலத்துக்கு எப்போதோ பணம் கொடுத்துவிட்டோம், பயிர் வைக்க வேண்டாம் என்றும் சொன்னோம் என்றது நிறுவனம். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் வழக்கு உயர் நீதிமன்றம் போய், பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படி உத்தரவு வந்தது. இன்னும் சில வாரங்கள் பொறுத்திருந்தால் அறுத்திருக்கலாம் என்ற எளிய கணக்கு, கோடிகளில் பேசும் ஒரு நிறுவனத்தின் கணக்கில் வரவில்லை.

ஆற்று மணலில் நடந்தது இன்னும் அப்பட்டம். தமிழகத்தின் 28 மணல் குவாரிகளை ஐ.ஐ.டி. கான்பூர் வல்லுநர்களைக் கொண்டு அளந்ததாகச் சொன்ன அமலாக்கத் துறை, அள்ளிய மணலின் மதிப்பு 4,730 கோடி ரூபாய் என்றும் அரசுக் கணக்கில் வந்தது 36.45 கோடி என்றும் கூறியது. அந்தத் தொகை வழக்கில் நிற்குமா என்பது வேறு விஷயம். ஆற்றுப் படுகை தாழ்ந்ததன் பலனை 2018 ஆகஸ்டில் டெல்டா கண்ணால் பார்த்தது: திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் சரிந்தது, சில நாட்களில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. இரண்டுக்கும் வெள்ளமும் வயதும் காரணம் என்றார்கள் அதிகாரிகள். மணலைப் பற்றி அதிகம் பேசவில்லை.

வெளிநாட்டு உதாரணம் தேடினால் நெதர்லாந்தின் குரோனிங்கன்தான் டெல்டாவுக்குப் பொருத்தம். அதுவும் தாழ்ந்த நிலம், அங்கும் விவசாயம், அங்கும் தண்ணீரை வடியவைத்துத்தான் பிழைப்பு. 1959-ல் கண்டுபிடித்த எரிவாயு அந்த நாட்டையே பணக்கார நாடாக்கியது. 2012 ஆகஸ்டில் ஹௌசிங்கா கிராமத்தில் 3.6 அளவில் நிலம் அதிர்ந்தபோதுதான் விரிசல் விட்ட வீடுகளின் கதையை ஊர் கேட்டது. 2023-ல் நாடாளுமன்ற விசாரணைக் குழு, அந்தப் பகுதி மக்களின் நலன் பல பத்தாண்டுகளாகப் புறக்கணிக்கப்பட்டது என்று எழுதியது. அதே ஆண்டு அக்டோபரில் எரிவாயு எடுப்பது நின்றது. ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆனாலும், அங்கே அரசு தன் தவறைத் தானே எழுதி அச்சிட்டுக் கொடுத்தது.

பூட்டிய அறிக்கை

இங்கே என்ன நடந்தது? 2017-ல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் கிராமம் எழுந்தது. அதே ஆண்டு ஜூன் 30-ல் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாய் கசிந்து, கேள்வி கேட்ட மக்கள்மீது தடியடி நடந்தது. மீத்தேன் எதிர்ப்புக் கூட்டமைப்பின் பேராசிரியர் த. ஜெயராமன் உள்ளிட்டோர் கைதானார்கள். 2020 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. புதிதாக எண்ணெய், எரிவாயு, மீத்தேன் எடுக்க இந்த மண்டலத்தில் இடமில்லை. டெல்டாவுக்குக் கிடைத்த மிகப் பெரிய காப்பு அதுதான், சந்தேகமில்லை. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கிணறுகளை அது தொடாது. குழாய்ப் பாதை போன்ற கட்டமைப்புப் பணிகளையும் தடுக்காது. மண்டலத்தின் எல்லைக்கு வெளியே என்ன நடக்கும் என்பதற்கு ராமநாதபுரம் சாட்சி: 2025 மார்ச்சில் அங்கே 20 ஆய்வுக் கிணறுகளுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையமே அனுமதி கொடுத்தது. செய்தி வெளியாகி எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான், அனுமதிக்க மாட்டோம் என்று அரசு சொன்னது.

பழைய கிணறுகள் மண்ணுக்கும் நீருக்கும் மக்களுக்கும் என்ன செய்திருக்கின்றன என்று பார்க்க 2021-ல் மாநில அரசே பேராசிரியர் சுல்தான் அகமது இஸ்மாயில் தலைமையில் ஒரு குழு போட்டது. மண்புழுவையும் மண்வளத்தையும் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த ஒருவரைத் தலைவராக்கியது நல்ல முடிவு. குழு 2022 பிப்ரவரியில் அறிக்கையைக் கொடுத்தது. மூன்றாண்டு கழித்து, 2025-லும், அந்த அறிக்கையை வெளியிடுங்கள் என்று சூழல் அமைப்புகளும் விவசாயிகளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

டெல்டாவைப் பாதுகாக்கிறோம் என்று மேடையில் சொல்லும் அரசுகள் செய்ய வேண்டிய முதல் வேலை செலவில்லாதது. அந்த அறிக்கையைத் தமிழில் அச்சிட்டு, கிணறு இருக்கிற ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம சபையில் படிக்க வேண்டும். இரண்டாவது வேலைக்கு ஒரு சட்டத்திருத்தம் போதும்: 1997-ம் ஆண்டுச் சட்டத்துக்குக் கொடுத்த விலக்கை நீக்கி, நிலம் எடுக்கும் முன் குத்தகைதாரரையும் நடவுப் பெண்ணையும் சுமைதூக்குபவரையும் பெயர் சொல்லி எழுத வைப்பது. இரண்டையும் சட்டமன்றத்தில் கேட்க எந்தக் கட்சி உறுப்பினருக்கும் தடையில்லை. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் நீடாமங்கலத்து வாக்காளர்கள் இதைக் கேட்கட்டும்.